ஹார்வர்டுக்கு மொய்

2017 அக்டோபரில் தமிழக அரசு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு 10 கோடி ரூபாய் அறிவித்தது. தமிழ் இருக்கைக்கு. பசித்தவனுக்குச் சோறு போட மனம் இருந்தால் போதும். ஏப்பம் விடுகிறவனுக்குப் போட அரசாணை வேண்டும்.

அந்த ஆண்டு ஹார்வர்டின் மூலநிதி 3,710 கோடி டாலர். இருக்கைக்கு அவர்கள் சொன்ன விலை 60 லட்சம் டாலர். அடுத்த ஓராண்டில் அந்த மூலநிதி ஈட்டிய வருமானம் 10 சதவீதம். நீங்களே கணக்குப் போடுங்கள். உலகத் தமிழர்கள் எல்லாரும் துண்டேந்திச் சேர்த்த தொகையை அவர்களுடைய முதலீடு ஒரே நாளில் சம்பாதித்துவிட்டது. மாலைக் காபிக்கு நேரமும் மிச்சம்.

அங்கே எல்லாவற்றுக்கும் விலை உண்டு. 2015இல் ஜான் பால்சன் என்ற பங்குச்சந்தைச் சீமான் 40 கோடி டாலர் கொடுத்தார். பொறியியல் பள்ளிக்கே அவர் பெயர். நமக்கு வாய்த்தது ஒரு நாற்காலி.

இரண்டு அமெரிக்கத் தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டுத் தொடங்கிவைத்தார்கள். சொந்தக் காசு, சொந்த ஆசை. குறை சொல்ல எனக்கு வாயில்லை. மொழி மேல் வைத்த பாசத்தால் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியவர்களையும் சொல்லவில்லை. அந்தப் பாசத்துக்கு முன்னால் மைக் பிடித்து நின்றவர்களைத்தான் சொல்கிறேன். அதிமுக அரசு 10 கோடி என்றது. அது நம் பணம். திமுக தன் பங்குக்கு ஒரு கோடி என்றது. காவிரிக்குக்கூட ஒரே மேடையில் நிற்க யோசிப்பவர்கள், மாஸசூசெட்ஸ் என்றதும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

மொய் என்றால் திரும்பி வரவேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வராமல் ஊழியர்கள் போராடினார்களே, ஹார்வர்டிலிருந்து யாராவது கவர் கொண்டுவந்தார்களா?

இன்னும் கேளுங்கள். நாம் பணம் கொடுத்த அதே 2017இல், டிசம்பர் மாதம், அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்களிடம் பணம் மிதமிஞ்சிக் கிடக்கிறது. அவற்றின் முதலீட்டு வருமானத்துக்கு 1.4 சதவீத வரி. அவனுடைய அரசாங்கமே 'உனக்குக் கொழுப்பு' என்று வரி போட்ட நேரத்தில், நம் அரசாங்கம் நெய் வார்த்தது.

இங்கேயும் பல்கலைக்கழகத்துக்கு வரி வந்தது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. பாக்கி 424 கோடி ரூபாய். காரணம்? மாநில அரசு தரும் மானியம் பாதிக்குக் கீழே போய்விட்டதாம். ஆகவே வரிவிலக்கு கிடையாதாம். அமெரிக்காவில் பணம் அதிகம் என்று வரி. இங்கே பணம் தரவில்லை என்பதற்கு வரி. தராத அரசுக்கு அல்ல, கிடைக்காத பல்கலைக்கழகத்துக்கு. 1857இல் பிறந்த கிழவிக்கு இந்த மரியாதை.

'ஹார்வர்டில் இருந்தால்தான் உலகம் தமிழை மதிக்கும்' என்பார்கள். இருக்கட்டும். இங்கே தமிழ் நடத்துகிறவரை நீங்கள் மதிக்கிற லட்சணத்தைப் பார்ப்போம். அரசுக் கலைக் கல்லூரியில் குறுந்தொகை நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய். 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது. அவர்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டால் நிதி நெருக்கடி.

அந்தப் 10 கோடியில் 333 பேருக்கு ஓராண்டுச் சம்பளம் போட்டிருக்கலாம். அவர்கள் செய்த பிழை ஒன்றுதான். மாஸசூசெட்ஸில் பாடம் எடுக்காமல் மன்னார்குடியில் எடுக்கிறார்கள்.