செயலமர்வுக்குப் போகும் டீச்சர்

விடியற்காலையில் நானுஓயா ஸ்டேசன் பக்கம் ஒரு சிடி 100 உறுமிக்கொண்டு நின்றால், அதன்மேல் இருப்பது ஆணா பெண்ணா என்று சட்டென்று சொல்ல முடியாது. 5,000 அடிக்கு மேலே குளிர் அப்படி. சுவெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, காதை மூடிய மப்ளர், மப்ளருக்கு மேல் ஹெல்மெட். நனையாமல் இருக்கச் சப்பாத்துக்கு மேல் இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: ஐம்பதைத் தொட்ட டீச்சர். மலையகத்தில் இந்த இனம் மெல்லப் பெருகி வருகிறது.

பைக் மகனுடையது. கட்டாருக்குப் போகும்போது, "பெட்டரி எறங்காம அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா யாழ்ப்பாணம் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணி வைத்தார்.

2020 இல் வாகன இறக்குமதி நின்றதும் பழைய பைக்குகளின் விலை கிறுகிறுவென்று ஏறியது. வீட்டுக்காரர் விற்கச் சொன்னார். "இன்னும் ஏறும், பொறுங்க" என்று சொல்லிச் சொல்லியே டீச்சர் 2025 வரை ஓட்டிவிட்டார். இறக்குமதி திரும்பவும் திறந்தது. "இப்ப வித்தா நட்டம்" என்றார். 2022 இல் கியூஆர் கோட்டைக் காட்டினால் பைக்குக்கு வாரம் 4 லீட்டர் என்று அளந்து ஊற்றிய காலத்திலும், அந்த நாலு லீட்டரில் கண்டிக்குப் போய்த் திரும்பலாம் என்று முதலில் கணக்குப் போட்டவர் அவர்தான்.

ரம்பொடை வளைவுகளுக்கு அவர் அசரமாட்டார். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தால் இவரும் அடிப்பார். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதியின் 321 கிலோமீற்றரும் அவருக்குப் பொருட்டல்ல. அசர வைப்பது ஒரே ஒரு கேள்வி.

"எங்க டீச்சர், தனியாவா?"

நுவரெலியா பெட்ரோல் செட்டில் பையன் கேட்டால் பதில்: "செயலமர்வு." ஆசிரியருக்குச் செயலமர்வு இல்லாத நாள் உண்டா? பையன் இரக்கத்தோடு டேங்கை நிரப்புவான். கம்பளைத் தேத்தண்ணிக் கடையில் சுவெட்டரைக் கழற்றும்போது கேட்டால், "மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி." மாத்தளையைத் தாண்டினால் அம்மன் பின்னால் தங்கிவிடுகிறாள். ஆகவே தம்புள்ளையில் வேறு வழியில்லை, எழவு வீடுதான். "மளகெதர" என்றதும் சிங்கள முதலாளி முகம் வாடித் தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். யார் என்று கேட்டதற்கு, "சித்தப்பா" என்று வாயில் வந்துவிட்டது. போகும் பயணமெல்லாம் தம்புள்ளையில் செத்துக்கொண்டிருக்கும் அந்தச் சித்தப்பா, லிந்துலையில் காரம் விளையாடிக்கொண்டிருக்கிறார்.

வவுனியாவில் போன் அடிக்கும். வீட்டுக்காரர். பயந்துபோய் எடுக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சீனி டின் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

டீச்சர் இதுவரை எவருக்கும் சொல்லாத பதில் ஒன்று உண்டு: "சும்மா." அதுதான் உண்மை. ஆனால் நம் ஊரில் கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், எழவு என்று ஏதாவது ஒரு சீட்டு கையில் இல்லாமல் ஒரு பொம்பளை எல்லை தாண்ட முடியாது. சும்மா போவது ஆம்பளைகளுக்கு ஒதுக்கிய கோட்டா. நம் ஊர் என்ன, 1973 இல் கவாசாகி 125 இல் தனியே உலகத்தைச் சுற்றிய பிரெஞ்சுக்காரி ஆன்-பிரான்ஸ் தோத்வீல்கூட எழுத்தாளர். கேட்டால் காட்ட அவரிடம் ஒரு தொழில் இருந்தது. ரம்பொடையில் கோயில் கொண்டிருக்கும் ஆஞ்சநேயரும் தனியாகத்தான் இந்தத் தீவுக்கு வந்தார். அவருக்கும் ஒருவர் கொடுத்தனுப்பிய வேலை இருந்தது. ஒரு வேலையும் இல்லாமல், யாரும் அனுப்பாமல், மாங்குளத்தில் ஒரு மரத்தடியில் பைக்கை நிறுத்திக் கட்டசம்பலோடு ரொட்டி தின்பதற்காகவே வந்தவர் நம் டீச்சர் ஒருவர்தான். என் கணக்கில் அனுமாரை விட அவர் ஒரு படி மேல்.

யாழ்ப்பாணத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்கிறீர்களா? ஒரு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார். மறுநாள் திரும்புகிறார்.

ஆகவே, வழியில் எங்காவது டீச்சரைக் கண்டால் எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். இன்னொரு சொந்தக்காரர் சாக வேண்டிவரும். வாய் சும்மா இருக்காது என்றால், பைக் லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கேளுங்கள். அதற்கு மட்டும் உண்மையைச் சொல்வார்.