கைரேகை அல்ல, புழுக்கம்

கேள்வி: எந்தக் கைதி உள்ளே வன்முறையில் இறங்குவான் என முன்பே சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: ஆளைப் பார்த்துச் சொல்வது கடினம், அடுப்பைப் பார்த்தால் பால் பொங்குவது தெரியும்! கொலை செய்தவர்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். ஆனால் ஆயுள் கைதிகளில் பலர் அடங்கியே வாழ்கிறார்கள். இளவயது, கோஷ்டிப் பகை, உள்ளே முன்பு போட்ட சண்டை ஆகியவையே நம்பகமான அறிகுறிகள்.

ஆனால் ஆளை மட்டும் பார்த்தால் போதாது, சிறைக்குள் நிலவும் புழுக்கத்தையும் பார்க்க வேண்டும். 1999 நவம்பர் 17 அன்று, ஒரு கைதி இறந்த செய்தி பரவியதும் சென்னை மத்திய சிறை பற்றியெரிந்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் பலியானார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகளும் மாண்டனர். அந்தச் சிறையே பிறகு புழலுக்கு இடம் மாறிவிட்டது.

அந்தப் புழுக்கத்தைத் தணிக்க வழி உண்டு. தாம்பரத்தில் விடிகாலை பஸ் ஏறி, புழல் சிறையில் மனு கொடுத்து மகனைப் பார்க்கக் காத்திருக்கும் தாயைப் பாருங்கள். அவனைச் சாந்தப்படுத்த அவள் முகத்தைவிடச் சிறந்த மருந்து இல்லை. அந்தச் சந்திப்பைத் தடையின்றி நடத்துங்கள். பாதி ஆரூடம் தேவைப்படாது.