ஆயத்தத்தில் இருப்பவர்

சென்னையின் மேற்குப் புறநகரில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே ரயில் நின்று செல்லும் அண்ணனூரில், ரயில்வே ஊழியர், தொழிற்பேட்டைத் தொழிலாளர், ஓய்வூதியர் என்னும் நெடுநாள் பிரிவினரோடு அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்துள்ள புதிய பிரிவினர், தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள் ஆவர். பொறியியல் பட்டத்தை அரியர் உட்பட முடித்துவிட்டமையால் இவர்களை மாணவர் என்று கொள்ள இயலாது. வேலையில்லாதவர் என்று கொண்டால் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். "பையன் என்ன பண்றான்?" என்று தெருவில் கேட்பவருக்கு, "ப்ரிப்பேர் பண்ணிட்டிருக்கான்" என்பதே எல்லா வீட்டிலும் கிடைக்கும் விடையாதலால், இப்பிரிவைச் சேர்ந்தவரை ஆயத்தர் என்று இங்குக் குறிப்பிடுவது பொருந்தும்.

சான்றிதழின்மீது இவ்வட்டாரம் வைத்துள்ள பற்று ஆயத்தரோடு பிறந்ததன்று. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அமைந்த பிறகு, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் ஆகியவற்றில் ஒன்றை முடிப்பதும், மாலையில் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போய் லோயர், ஹையர் என்னும் இரு படிகளிலும் தேறுவதும், ஒரு குடும்பம் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறுவதற்குரிய நேர்வழிகளாக விளங்கின. ஆயத்தரின் தந்தை பெரும்பாலும் முதல் வழியாகவும், தாய் இரண்டாம் வழியாகவும் வந்தவர்கள். ஃபிட்டர் தேர்வில் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஆங்கிலத் தட்டச்சில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்ற வேகத்தில் அடித்துக் காட்ட வேண்டும். ராவாமலும் அடிக்காமலும் தேறும் வழியை அத்தலைமுறையில் எவரும் கண்டறியவில்லை. அக்கண்டுபிடிப்பு அடுத்த தலைமுறைக்கென்றே காத்திருந்தது.

அடுத்த தலைமுறையின் சான்றிதழை அரசு வழங்குவதில்லை. பொருளை விற்கும் நிறுவனமே வழங்குகிறது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளை விற்கும் சிஸ்கோ 1998 முதல் சி.சி.என்.ஏ. என்னும் தேர்வை நடத்திவருகிறது, மைக்ரோசாஃப்ட் எம்.சி.எஸ்.இ.யையும், ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனம் எஸ்.சி.ஜே.பி.யையும் நடத்தின, 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கிய பின் சான்றிதழின் பெயர் மாறிவிடவே, பழைய பெயரில் தேறியவர்கள் பெண் பார்க்கும் இடங்களில் இரண்டும் ஒன்றே என்று விளக்க வேண்டியதாயிற்று. இன்றைய ஆயத்தரின் நாட்டமெல்லாம் கிளவுட் மீது குவிந்துள்ளது. கணினிகளைச் சொந்தமாக வாங்காமல், பெருநிறுவனத்தின் தரவு மையத்தில் உள்ளவற்றை வாடகைக்கு எடுத்து இணையத்தின் வழியே பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கே அப்பெயர். அமேசான் 2013 முதல் நடத்தும் கிளவுட் தேர்வுகளுள் ஆயத்தர் முதலில் குறிவைக்கும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் என்பதற்குக் கட்டணம் 150 டாலர், வினாக்கள் 65, நேரம் 130 நிமிடம், தேறுவதற்கு 1000-க்கு 720 மதிப்பெண் வேண்டும். அந்த 65-இல் 15 வினாக்கள் மதிப்பிடப்படாதவை, எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அந்தப் பதினைந்து என்பதை நிறுவனம் வெளியிடுவதில்லை. தாம் விடை தெரியாமல் விழித்தவை யாவும் அந்தப் பதினைந்தே என்பதில் ஆயத்தருக்கு ஐயம் எழுந்ததில்லை.

இத்தேர்வுக்குப் படிக்கும் முறை தனிக்கலையாக வளர்ந்துள்ளது. பெரும்பாலான வினாக்களுக்குத் தரப்படும் நான்கு விடைகளில் இரண்டு பார்த்தவுடன் நீக்கத்தக்கவை என்பது அக்கலையின் முதல் விதி. எஞ்சும் இரண்டில், வினாவில் 'மிகக் குறைந்த செலவில்' என்னும் தொடர் இருந்தால் ஒன்றையும், 'மிகக் குறைந்த பராமரிப்பில்' என்னும் தொடர் இருந்தால் மற்றதையும் தேர்ந்துகொள்வது இரண்டாம் விதி. வினாவின் நடுவில் விவரிக்கப்படும் வணிகச் சிக்கலைப் படிப்பது கட்டாயமன்று. இவ்விதிகளில் ஊறிய ஆயத்தர் வீட்டிலும் அவற்றையே கையாளத் தொடங்குகிறார். இரவுக்கு இட்லியா, தோசையா, உப்புமாவா, பூரியா என்று தாய் கேட்டால், உப்புமாவையும் பூரியையும் கணத்தில் நீக்கிவிட்டு, மீதி இரண்டுக்கும் இடையே நின்றுகொண்டு, "குறைஞ்ச செலவாம்மா, குறைஞ்ச வேலையா?" என்று திருப்பிக் கேட்பார். தேர்வு எழுதி வந்தவர்கள் நினைவிலிருந்து திரட்டிய வினாத் தொகுதிக்கு டம்ப்ஸ் என்று பெயர். அதைப் பயன்படுத்துவது தேர்வு விதிகளுக்கு முரணானது, கண்டறியப்பட்டால் சான்றிதழ் பறிபோகும். ஆகவே அதைப் பயன்படுத்துவதாக எந்த ஆயத்தரும் ஒப்புக்கொள்வதில்லை. 'பிராக்டிஸ் மெட்டீரியல்' பார்ப்பதாகவே கூறுவார்.

நிரல் எழுதக் கற்பதிலும் அவர் முயலாமல் இல்லை. எந்த மொழியைத் தொடங்கினாலும் உலகுக்கு வணக்கம் சொல்லும் ஒரு வரியைத் திரையில் வரவழைப்பதே முதல் பாடம் என்னும் வழக்கத்தின்படி, அவர் சியிலும், ஜாவாவிலும், பைத்தானிலும், ஜாவாஸ்கிரிப்டிலும் உலகை வணங்கியிருக்கிறார். உலகத்தோடு அவருக்குள்ள பழக்கம் அவ்வணக்கத்தோடு நின்றிருக்கிறது. ஒரே செயலைப் பலமுறை செய்விக்கும் லூப் வரை உற்சாகமாகச் செல்லும் படிப்பு, தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் கிளாஸ் என்னும் இடத்தில் மூச்சுவாங்கும். அவ்வேளையில், பல்லாயிரம் ரூபாய்ப் பாடத்தொகுப்பு இன்றிரவு மட்டும் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் என்னும் அறிவிப்பு வந்துவிடும். புதிய பாடத்தொகுப்பு மீண்டும் வணக்கத்திலிருந்து தொடங்குவதால், ஆயத்தரின் லூப் அறிவு ஆழமாகிக்கொண்டே போகிறது. அவருடைய படிப்பே லூப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களிலும் பதிவது இலவசம் என்பதால் பதிந்துவைப்பார். வாராந்தரப் பயிற்சிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்ற விகிதத்தில் மதிப்பெண் கணக்கிடப்படும் என்றறிந்ததும், முன்னதை முடித்துப் பின்னதை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைப்பார்.

கிளவுட் பற்றி அவர் அறிந்தவை கொஞ்சமல்ல. அமேசானின் மும்பை மண்டலம் 2016-இலும் ஹைதராபாத் மண்டலம் 2022-இலும் திறக்கப்பட்டதைத் தூக்கத்திலும் சொல்வார். எப்போதாவது மட்டும் தேவைப்படும் கோப்புகளை மலிவாகப் போட்டுவைக்கும் கிளேசியர் என்னும் சேமிப்பு வகையை, வீட்டுப் பரணோடு ஒப்பிட்டுத் தாய்க்கு விளக்கியும் இருக்கிறார். வைப்பதற்குச் செலவு குறைவு, எடுப்பதற்குத்தான் பாதி நாள்கூட ஆகும். எனினும் அந்தக் கிளவுடில் ஒரு கணினியை அவர் இதுவரை இயக்கிப் பார்த்ததில்லை. கணக்குத் தொடங்கும்போது அது அட்டை எண்ணைக் கேட்கிறது, வீட்டில் உள்ள ஒரே அட்டை தந்தையுடையது, அணைக்க மறந்த கணினிக்கு மாதக் கடைசியில் பெருந்தொகை வந்த கதைகளோ அவர் உறுப்பினராக உள்ள டெலிகிராம் குழுக்களில் ஏராளம்.

செய்து காட்டினாலொழியத் தேற முடியாத தேர்வுகள் கணினித் துறையிலும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தை வணிகமாக வழங்கும் ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வில் கொள்குறி வினா ஒன்றுகூடக் கிடையாது. ஓடும் கணினியைக் கொடுத்து, பழுதை நீக்கு, பயனரைச் சேர், வட்டைப் பிரி என்று பணி தருவார்கள், 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. சிஸ்கோவின் உச்சத் தேர்வான சி.சி.ஐ.ஈ.யில் எட்டு மணி நேரம் ஆய்வகத்தில் வேலை செய்தாக வேண்டும். ஃபிட்டர் தந்தைக்குக் கேட்டவுடன் விளங்கிவிடும் தேர்வுகள் இவையே. ஆயத்தரின் அட்டவணையிலும் இவை உள்ளன, 'அடுத்த வருஷம்' என்னும் தலைப்பின்கீழ்.

தேர்வு நாள் குடும்பத்துக்கே தேர்வாக அமைகிறது. வீட்டிலிருந்தபடியே எழுதலாம் என்னும் வசதிக்கு ஈடாக, அறையின் நான்கு பக்கத்தையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். மேசையில் தாள், பேனா, கைப்பேசி எதுவும் இருக்கக் கூடாது. வேறொருவர் அறைக்குள் வரக் கூடாது. எங்கோ அமர்ந்து கேமராவின் வழியே நோக்கும் கண்காணிப்பாளர் தேர்வை எந்நேரமும் நிறுத்தலாம். ஆகவே பாட்டியும் தங்கையும் மொட்டை மாடிக்கு அனுப்பப்படுகிறார்கள்; குக்கர் அடுப்பிலிருந்து இறக்கப்படுகிறது; தந்தை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, கூரியர்காரரையும் மின் கணக்கெடுக்க வந்தவரையும் உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்புகிறார். கார் ஷெட் என்னும் ரயில் பணிமனைக்குப் போகும் மின்தொடர் வண்டியின் ஊதலை மட்டும் எவராலும் நிறுத்த முடிவதில்லை. எல்லாவற்றிலும் கடினமான விதி, வினாவை வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்பது. வாய்விட்டுப் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று பாலர் வகுப்பு முதல் வளர்க்கப்பட்ட ஒருவர், உதடு அசைந்தாலும் எச்சரிக்கை வரும் நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருப்பதற்கே தனிச் சான்றிதழ் தரலாம்.

தேறிய செய்தி வந்ததும், தாழ்மையோடும் பெருமகிழ்ச்சியோடும் அறிவிப்பதாக லிங்க்ட்இனில் ஆயத்தர் எழுத, தாழ்மையில் சற்றும் குறையாத பிற ஆயத்தர்கள் "கங்க்ராட்ஸ் ப்ரோ" என்று வரிசையாக வாழ்த்துகிறார்கள். தந்தையின் அக்கறை வேறு திசையில் செல்கிறது. "ஒரிஜினல் எப்பப்பா வரும்?" என்று கேட்கிறார். மின்னஞ்சலில் வந்த கோப்பே ஒரிஜினல் என்பதை ஏற்க மனமில்லாமல், ஜெராக்ஸ் கடையில் வண்ணத்தில் அச்சிட்டு, லேமினேஷன் செய்து, கெசட்டட் அதிகாரியிடம் இரண்டு நகலில் சான்றொப்பம் வாங்கி வைப்பதோடு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியுமா என்றும் விசாரிக்கிறார். சான்றிதழ் மூன்றாண்டுக்கு மட்டுமே செல்லும், பின்பு மீண்டும் தேற வேண்டும் என்பது தெரியவரும் நாளில்தான் அவர் நிலைகுலைகிறார். "ஹையர் பாஸ் பண்ணவ இன்னைக்கும் ஹையர்தான், படிச்சது எப்படிப்பா காலாவதி ஆகும்?" என்னும் அவருடைய வினாவுக்கு நான்கு விடைகளும் கொடுக்கப்படவில்லை.

வீட்டில் உண்மையாகவே நிரல் எழுதுபவர் ஒருவர் இருப்பாரானால், அவர் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தங்கையாக இருப்பார். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அவ்வகுப்புக் கணினி அறிவியலுக்குப் பைத்தான் பாடமாக உள்ளது, செய்முறைத் தேர்வும் உண்டு. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டறியும் சிறு நிரலை எழுதி, ஆங்கிலச் சொற்கள் சரியாக வந்த துணிவில், அவர் விகடகவியைக் கொடுத்துப் பார்க்கிறார். அது அப்படிப்பட்ட சொல் அன்று என்கிறது கணினி. "அண்ணா, விகடகவி தப்புன்னு வருதுண்ணா" என்று தங்கை மடிக்கணினியைத் தூக்கிவரும்போது, சான்றிதழ் பெற்ற அண்ணன் திரையைக் கூர்ந்து நோக்கி, "இது சிலபஸ்லயே இல்லையே" என்கிறார். அக்கூற்றில் பிழையில்லை. தங்கையோ சொல்லைத் துண்டு துண்டாக அச்சிட்டுப் பார்க்கிறார். ஐந்து எழுத்துக்கு ஏழு வரிகள் வருகின்றன. கணினிகள் பின்பற்றும் யூனிகோடு முறையில் 'வி' என்பது வகரமும் இகரக் குறியுமாக இரண்டு இடத்தில் வைக்கப்படுகிறது. சொல்லைத் திருப்பும்போது இகரக் கொக்கி எழுத்தைவிட்டுக் கழன்று முன்னால் போய் நின்றுவிடுகிறது. முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொண்டு பிறகு திருப்ப வேண்டும் என்று இரவு பத்து மணிக்குத் தாமே கண்டுகொண்ட பிறகுதான், முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன் தமிழ் என்னும் பைத்தான் தொகுப்பில் அவ்வேலையைச் செய்யும் கருவி முன்னமே இருப்பது தங்கைக்குத் தெரியவருகிறது. அந்த இரவுக்காக எந்த நிறுவனமும் அவருக்குச் சான்றிதழ் அனுப்பவில்லை. ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியது.

ஆயத்தர் வேலை கிடைக்காமலே போவார் என்று இதிலிருந்து முடிவுகட்டுதல் தவறாகும். கிளவுட் விற்கும் நிறுவனங்கள் தம் பங்காளி நிறுவனங்களைத் தரம் பிரிக்கும்போது, அவற்றில் சான்றிதழ் பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணுகின்றன. உயர்ந்த தரத்தைக் காக்கத் தலைகள் வேண்டும், ஆயத்தரிடம் தலையும் சான்றிதழும் ஆயத்தமாக உள்ளன. விண்ணப்பக் குவியலைச் சலிக்கும் மனிதவளத் துறைக்கும் அவர் பெயருக்குப் பின்னால் நிற்கும் சுருக்கெழுத்துகள் சுமையைக் குறைக்கின்றன. ஆகவே ஒருநாள், 2024 நவம்பரில் பட்டாபிராமில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்காவிலோ, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருந்த இடத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றிலோ அவருக்கு வேலை கிடைக்கிறது. சேர்ந்ததும் அவரைப் பெஞ்சில் அமர்த்துகிறார்கள். சம்பளம் உண்டு, செய்வதற்குத் திட்டப்பணி இன்னும் வரவில்லை என்னும் நிலைக்குத் துறையில் வழங்கும் பெயர் அது. பெஞ்சில் இருக்கும் காலத்தை வீணாக்காமல் அடுத்த சான்றிதழுக்குத் தயாராகுமாறு மேலாளர் அறிவுறுத்துகிறார். தெருவில் பல்லாண்டு சம்பளமின்றிச் செய்த தொழிலை ஆயத்தர் இப்போது சம்பளத்தோடு தொடர்கிறார்.

இதனால் அவருடைய மதிப்பு கூடியிருக்கிறது. ரயிலடியில் அவரைக் காணும் அண்டை வீட்டார், "நம்ம பையனை என்னப்பா படிக்க வைக்கலாம்?" என்று கேட்டு நிற்கிறார்கள். சி வேண்டாம், ஜாவா வேண்டாம் என்று இரண்டையும் ஆயத்தர் கணமும் தாமதியாமல் நீக்கிவிடுகிறார். பைத்தான், கிளவுட் என்று எஞ்சிய இரண்டில் எது என்பதைக் கேட்பதற்குள் வண்டி வந்துவிடுகிறது.