வேலியில் நின்றது, வாசலில் நின்றது

எங்கள் ஊரில் எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வாசலில் நிற்கும். சப்பாத்திக்கள்ளி ஓடைக்கரையிலும் காட்டு வேலியிலும் நிற்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமி அது. குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் காத்துக்கிடந்த ஊர். அப்படிப்பட்ட ஊரில், தண்ணீரே கேட்காத கள்ளியை வெளியே தள்ளிவிட்டு, நாள் தவறாமல் தண்ணீர் கேட்கும் செம்பருத்தியை வாசலில் வைத்து வளர்த்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது.

ஆச்சி வீட்டில் நின்றது நாட்டுச் செம்பருத்தி. ஒற்றை அடுக்கு, ஐந்து இதழ், சுத்தச் சிவப்பு. அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும் அதற்குப் போகும். நல்ல தண்ணீர் ஒரு செம்பு அதற்கென்று ஊற்றி நான் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்பே தெருப் பெண்கள் வந்துவிடுவார்கள்.

“ஆச்சி, ரெண்டு பூ எடுத்துக்கிடட்டுமா?”

“எடுத்துக்கோட்டி. மொட்டுல கை வைக்காத, நாளைக்கு வாரவளுக்கு வேணும்.”

ஆச்சி அடுப்படியில் இருந்தபடியே சொல்லுவாள், யார் குரல் என்றுகூட எட்டிப் பார்க்க மாட்டாள். பிள்ளையார் கோவிலுக்கு நாலு, சாமி படத்துக்கு ரெண்டு, வெள்ளிக்கிழமையென்றால் தலைக்குத் தேய்க்க ஒரு கை இலை. கசக்கினால் வழுவழுவென்று நுரை கட்டும் அந்த இலை, சீயக்காய் தீர்ந்துபோன வீட்டுக்கு அந்த வாரத்தை ஓட்டிக் கொடுக்கும். வெயில் ஏறியதும் தேன்சிட்டு வந்து பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சும். காலையில் விரிந்த பூ சாயங்காலம் சுருங்கத் தொடங்கிவிடும். மறுநாள் வேறு பூ இருக்கும். எத்தனை பேர் பறித்தாலும் செடிக்குக் குறைந்ததில்லை.

கள்ளிக்குக் கிடைத்த மரியாதை வேறு. பழுக்கிற காலத்தில் பையன்கள் நாங்கள் அதைத் தேடிப் போவோம். கம்பால் தட்டி விழவைத்து, மண்ணில் போட்டு உருட்டித் தேய்த்து, மேலே அப்பியிருக்கும் சுனை முள் போன பிறகுதான் பழத்தைக் கையில் எடுக்கலாம். பிளந்தால் நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு முள் இருக்கும். அதைக் களைந்து எறியாமல் வாயில் போடக் கூடாது என்று பெரிய பையன்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வாயெல்லாம் சிவந்து வீடு திரும்புவோம். செடியின் ஒரு துண்டுகூட வீட்டுக்குள் வரக் கூடாது. தவழும் பிள்ளைக்கும், இருட்டில் கொல்லைக்குப் போகும் கிழவிக்கும், தொழுவத்து மாட்டுக்கும் அது ஆகாது. முள் செடி மனைக்கு ஆகாது என்று சாஸ்திரமாகச் சொன்னார்கள், அதில் இருந்தது வீட்டாள் மேலுள்ள அக்கறை.

அந்த வேலிக்கள்ளியின் பூர்வீகத்தைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒடித்தால் பால் வடிகிற சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் மண்ணுக்கு உரியது. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் அன்றைக்கு ஸ்பெயினின் கையில் இருந்த பெரிய வியாபாரம். அதில் பங்கு கேட்கக் கம்பெனிக்கு ஆசை. 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து இறங்கியது. வந்தது நல்ல சாயம் தரும் இனமல்ல, அதன் மட்டமான பங்காளி. சாயம் தேறவில்லை, கள்ளிதான் செத்தது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் கள்ளியைக் கொல்வதற்கென்றே அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விட்டார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவுவதில் உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று அது. அந்தப் பூச்சிக்கு மசியாத இன்னொரு கள்ளி இனத்தை அடக்க 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் வந்தது. சில ஆண்டுகளிலேயே மேய்ச்சல் நிலங்களை அடைத்துக்கொண்டிருந்த புதர்கள் மடிந்தன. நாங்கள் பழம் பறித்தது அந்த அழிவில் தப்பிய மிச்சத்தில்.

இன்றைக்கு நர்சரிக்குப் போனால் முன்வரிசையில் பீங்கான் கோப்பைக்குள் உட்கார்ந்திருப்பது அதே சப்பாத்திக்கள்ளியின் ஒன்றுவிட்ட தங்கை. மடல் மடலாக, முள்ளே இல்லாதது போலத் தெரியும். தொட்டால் அந்தப் பழைய சுனை கை முழுக்க ஏறும். பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக உருண்டைத் தலை வைத்த ஒட்டுக்கள்ளி, அதற்கு இன்னும் விலை அதிகம். அந்த நிற உருண்டையில் பச்சையமே கிடையாது. கீழே ஒட்டுக் கட்டியிருக்கும் டிராகன் பழக் கொடியின் தண்டு தயாரித்துக் கொடுக்கும் உணவில்தான் அது பிழைக்கிறது.

ஊரிலும் இதே கதை. ஆச்சி இருந்த தெருவில் கேட் வரைக்கும் சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்கள். செம்பருத்தி நின்ற இடத்தில் கார் நிற்கிறது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் தொட்டியில் ஆளுயரக் கள்ளி. சாமிக்குப் பூ பஸ் ஸ்டாண்டிலிருந்து பிளாஸ்டிக் பையில் வருகிறது. குடம் சுமந்த காலத்தில் வாசலில் செம்பருத்தி இருந்தது, குழாய் வந்த காலத்தில் கள்ளி வந்திருக்கிறது. எனக்கு இது பெரிய வருத்தம். காரணம் புரியாமலில்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள், வீடு பூட்டியே கிடக்கிறது. “கள்ளிக்குத் தண்ணி ஊத்த வேண்டாம், மாமா, அதான் வாங்குனோம்” என்று மருமகன் சொன்னபோது அவன் முகத்தில் சோர்வுதான் தெரிந்தது.

ஆனால் கள்ளியைப் பற்றி அவனிடம் விற்றவர் சொன்னது பாதிதான். தண்ணீர் குறைவாகப் போதும் என்பது சரி. பகலில் தோல் துளைகளை மூடி வைத்து, இரவின் குளிரில் திறந்து மூச்சு வாங்குகிற செடி அது. வெயிலை மட்டும் அது விட்டுக்கொடுக்காது. வரவேற்பறை மேசையில் வைத்தால் வெளிச்சம் தேடி ஒல்லியாக வெளிறி நீளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த மாடியில் விட்டால் வேர் அழுகிப்போகும். பாதிக்குமேல் மணலும் சரளையும் கலந்த மண், அடியில் ஓட்டை, மழைக்கு ஒரு மறைப்பு, இத்தனையும் வேண்டும். மேற்கு வெயில் கொளுத்துகிற, வேறெதுவும் கருகிப்போகிற மாடித் திட்டு உங்களிடம் இருந்தால் கள்ளி வையுங்கள். அங்கே அதற்கு இணை கிடையாது.

கள்ளிக் குடும்பத்தில் நான் மனதார வீட்டுக்குள் அழைக்கும் ஒன்று நிஷாகந்தி. பிரம்மகமலம் என்று சொல்லி ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்க்கிறோமே, அந்த வெள்ளைப் பூ. அது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. இமயமலையின் பிரம்மகமலம் வேறு செடி. நிஷாகந்திக்கு நிழல் பிடிக்கும், முள் கிடையாது, இலை மாதிரித் தெரியும் தண்டில் ஒரு துண்டைச் செருகினாலே வேர் பிடிக்கும். பூக்கிற அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடத் தோன்றும். அதற்காகவே அதைச் செம்பருத்தியின் வரிசையில் வைப்பேன்.

செம்பருத்திக்கு வேலை உண்டு, மறைக்க மாட்டேன். மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்க வேண்டும். தண்ணீரில் ஒழுங்கு தவறினால் மொட்டு உதிரும். வருஷத்துக்கு ஒரு முறை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கவாத்து செய்ய வேண்டும். பெரிய பூவுக்கு ஆசைப்பட்டு ஒட்டுரகம் வாங்குவதைவிட நாட்டு ரகமே மேல், கைக்கு அடங்கும், ஆண்டு முழுக்கப் பூக்கும். பால்கனியில் அரை நாள் வெயில் விழுந்தால் போதும், தொட்டி மட்டும் பெரிதாக இருக்கட்டும். இத்தனை பாட்டுக்கும் அது திருப்பித் தருவது பூ மட்டுமல்ல. பூ கேட்டு ஓர் ஆள் வாசலுக்கு வருவாள். அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு என்ன?

வீட்டில் ஓர் இடம்தான் இருக்கிறது, அதில் வெயிலும் இருக்கிறது என்றால் பூச்செடியையே வையுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம். மழைக்காலம் தொடங்கும்போது, செடி இருக்கிற வீட்டில் ஒரு சாண் நீளத்துக்கு முற்றின குச்சி கேளுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூத்த பிறகு யாராவது வந்து கேட்டால் மறுக்காமல் கொடுங்கள்.