ஊடற்காலத்துப் பொழிப்புரை: ஓர் ஆராய்ச்சி

மூலத்தின் பொருளை வேறு சொற்களால் எடுத்துரைக்கும் பொழிப்புரைக் கலை ஏட்டுச் சுவடிகளிலே பிறந்து அங்கேயே வாழ்ந்துவருவதாக நம் பண்டிதர்கள் கருதிவருவது, தத்தம் இல்லத்திலே நிகழ்வதை அவர்கள் செவிகொடுத்துக் கேளாத குறையால் விளைந்ததென்றே சொல்லவேண்டும். தம்பதிகள் பேச்சுவார்த்தையின்றி இருக்கும் தினங்களில், ஒரே கூடத்திலே இருவரும் முகம் திருப்பி வீற்றிருக்க, ஒருவர் கூற்றை மற்றவருக்கு உரைக்கும் குழந்தையே இக்கலையின் உத்தமமான ஆசிரியன் என்பது அடியேனுடைய சித்தாந்தம்.

மூலம் வருமாறு: “உங்க அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்து மூடிடுவேன், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.” குழந்தையின் உரை: “அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க.” மூலத்தின் பெரும்பகுதி நீங்கியும் பொருள் சிதையாமல் நிற்பதைக் காண்க, நன்னூலார் உரைக்கு வகுத்த பதினான்கு உறுப்புகளில் தொகுத்துரை என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அதற்குத் தந்தை, “எனக்குப் பசியில்லைன்னு சொல்லு” என்கிறார். குழந்தை தாயிடம் சென்று, “அப்பாவுக்கு இன்னும் கோபம் போகலை” என்கிறது. மூலத்திலே கோபம் என்ற சொல்லே இல்லை. ஆயினும் இதுவே கருத்துரை. பின்பு தந்தையிடம் திரும்பி, எவரும் சொல்லியனுப்பாத ஒரு சமாசாரத்தைத் தன் பொறுப்பிலேயே சேர்க்கிறது: “வடை சுட்டிருக்காங்க. எனக்கு ரெண்டு குடுத்தாங்க.” இது விசேடம். தந்தை எழுந்திருக்கிறார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மூலம் விளங்காதவனுக்கன்றோ உரை வேண்டும்? அந்தக் கூடத்திலே இருவர் காதிலும் மூலம் நேராகவே விழுந்துவிட்டதே! ஆம், விழுந்தது மட்டுமன்று, அவ்வாறு விழவேண்டும் என்றே குரலை உயர்த்திச் சொல்லப்பட்டதுமாகும். எனவே உரையின் பிரயோஜனம் பொருளை விளக்குவது என்னும் கொள்கை இவ்விடத்தே நிலைபெறாது. விளங்கிய பொருளை மானபங்கமின்றி ஏற்றுக்கொள்ள வழிசெய்வதே அதன் பிரயோஜனம் எனக் கொள்ளவேண்டும். (திருக்குறளுக்குப் பதின்மர் உரை வகுத்ததையும் இந்நோக்கில் ஆராய்ந்தால் என்ன என்று சிலசமயம் எனக்குத் தோன்றுவதுண்டு. பரிமேலழகர் அன்பர்கள் க்ஷமிப்பார்களாக.)

ஊடல் தீர்க்கும் வாயில்கள் பன்னிருவரை எண்ணிய தொல்காப்பியனார், பாணனுக்கும் விருந்தினருக்கும் இடமளித்த அந்தப் பட்டியலிலே குழந்தையைச் சேர்க்கவில்லை. ஆயினும் புதல்வனை முன்னிட்டு வீடு புகும் தலைவர்களை மருதத்திணைப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மேலும், இறையனார் அகப்பொருளின் அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர்கள் கண்ட உரைகளுள் எது மெய்யுரை என்று துணியமாட்டாமல் அவர்கள் திகைத்தபோது, நக்கீரர் உரையைக் கேட்டுக் கண்ணீர் வார்த்து வழக்கைத் தீர்த்தவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பாலகன் என்றன்றோ அந்நூலின் உரையே கூறுகிறது! அப்பாலகன் வாய்பேசாதவன் என்பது ஒன்றே நம் வீட்டு உரையாசிரியனுக்கும் அவனுக்கும் உள்ள பேதம். புலவர்களுக்கு அது எத்துணைச் சௌகரியமாக இருந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள்.

வயதும் இக்கலைக்கு ஒரு வரம்பு விதிக்கிறது. பத்து வயது கடந்த பிள்ளை பொழிப்புரையைக் கைவிட்டுப் பதவுரையிலே இறங்கிவிடுகிறது. கேட்ட சொற்களை ஒன்றும் குறையாமல், குரலின் ஏற்ற இறக்கத்துடன் ஒப்பிக்கிறது. அவ்வீட்டில் ஊடல் இரண்டு நாள் நீடிக்கிறது. சன்மானத்தைப் பொறுத்தவரை முறுக்கே போதுமானது. இரு தரப்பிலும் பெற்றுக்கொள்வது இத்தொழிலில் தோஷமாகாது.

ஆகவே, “நான் சொன்னதை அப்படியே போய்ச் சொல்லு” என்று குழந்தைகளுக்குக் கட்டளையிடும் தாய்தந்தையர், குடும்ப க்ஷேமத்தை முன்னிட்டு, அவ்வழக்கத்தை இன்றோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.