தொட்டிக்கு ஒரு மதகு

புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கு நீர் வரப் பங்காரு வாய்க்கால் உண்டு. வெளியேற மதகு உண்டு. அதே ஊரில் டிவிக்குப் பக்கத்தில் வீற்றிருக்கும் மீன் தொட்டிக்கு இரண்டும் கிடையாது; பொதுப்பணித் துறையின் வேலை முழுவதும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சேரும் நைட்ரேட்டைக் குறைக்க வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் போதும். மாதம் ஒருமுறை மொத்தமாகக் கொட்டித் தேய்த்துக் கழுவி, பாக்டீரியாவையும் ஒழித்துவிட்டு, கடைக்காரர் கொடுத்த மீன் சரியில்லை என்று தீர்ப்பளிப்பதே நடைமுறையில் உள்ள வழக்கம்.

நீரை வெளியேற்றும் கருவிக்குச் செலவு குறைவு. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் கொஞ்சம். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. புதுச்சேரியில் காலி பாட்டிலுக்குப் பஞ்சம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. மூடியில் துளையிட்டு டியூபைச் செருகினால், கூழாங்கல்லைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு அழுக்கை இழுக்கும் கருவி தயார். மறுமுனை தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை நீர் தானே இறங்கும். வாயால் உறிஞ்சித் தொடங்குவது பெட்ரோல் திருடுவோர் மரபு. டியூபை நீரில் முழுக்கி, காற்றை வெளியேற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே இறக்குவது நாகரிகம்.

குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்ற வேண்டும். வெளியேறும் நீர் வாழைக்கு உரம். அந்த வாழைத்தாரைக் காட்டி மீன் வளர்ப்பின் லாபம் பேசுவோர், மீன்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில்லை.