மிக்சியைத் தொடாத விமர்சகர்

'வாங்கச் சிறந்த 10 மிக்சிகள்' என்று ஒரு கட்டுரை. பத்துமே சிறந்தவை. எழுதியவர் ஒன்றில்கூட ஒரு கரண்டி சட்னி அரைத்ததில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு லிங்க்; அதன் வழியே போய் வாங்கினால் அவருக்குக் கமிஷன். அமேசான் 1996-லேயே திறந்துவைத்த தரகுக் கடை இது.

இப்போது அவருக்கு ஒரே புலம்பல்: "இந்த லிங்குகளால்தான் கூகுள் என்னைப் பத்தாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது!"

பாவம் லிங்க், அது என்ன செய்யும்? தரகு லிங்க் இருப்பது குற்றமில்லை, அதைத் தவிர வேறொன்றும் இல்லாததுதான் குற்றம் என்கிறது கூகுள். காசுக்கு வைத்த லிங்க் என்றால் 2005-ல் வந்த 'நோஃபாலோ', 2019-ல் வந்த 'ஸ்பான்சர்டு' என்று ஏதாவதொரு பட்டையை நெற்றியில் போட்டுவிட வேண்டும். கூகுளின் கணக்கில் லிங்க் என்பது ஓர் ஓட்டு; ஓட்டுக்குக் காசு வாங்கியதை நீங்களே ஒப்புக்கொண்டால், அந்த ஓட்டை எண்ணாமல் விட்டுவிடுவார்கள், தண்டனை கிடையாது. நம் தேர்தல்களுக்கு இன்னும் வராத யோசனை.

2021 ஏப்ரலில் பொருள் விமர்சனங்களுக்கென்றே கூகுள் ஒரு சல்லடை கொண்டுவந்தது. அது கேட்பதெல்லாம் இதுதான்: பொருளைக் கையால் தொட்டீரா? குறை ஒன்றாவது கண்டீரா? நம்மவரோ கம்பெனியின் வர்ணனையை வரி பிசகாமல் நகலெடுத்தவர்.

கல்யாணத் தரகரும் கமிஷன்காரர்தான். ஆனால் பெண் வீட்டில் ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டுத்தான் ஜாதகத்தை நீட்டுவார்.